பெயர் பிழைத்தது, பணம் போனது: கல்லூரி வேளாண் திட்டங்களைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லியோபோல்ட் நீடித்த வேளாண்மை மையத்துக்குப் போய்க்கொண்டிருந்த அரசுப் பணத்தை 2017ல் மாநிலச் சட்டமன்றம் நிறுத்தியது. கனடாவில் வான்கூவர் நகரத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பண்ணையும் இப்படித்தான் போயிருக்க வேண்டியது. வீடு கட்டக் குறித்து வைத்திருந்த நிலம் அது. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாணவர்கள் அதை மீட்டுவிட்டார்கள். ஒன்று முக்கால்வாசி தோற்றது, இன்னொன்று ஜெயித்தது. இரண்டைப் பற்றியும் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நீடித்த வேளாண்மை என்றால் நம்ம ஊர் இயற்கை விவசாயம்தானே?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது. இயற்கை விவசாயத்தில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் கிடையாது. நீடித்த வேளாண்மையில் அப்படிக் கறாரான கோடு இல்லை. மண் கரையக் கூடாது, குடிநீர் கெடக் கூடாது, விவசாயி கடனில் மூழ்கக் கூடாது, அடுத்த தலைமுறைக்கும் அந்த நிலம் விளைய வேண்டும். இதற்கு எது உதவினாலும் சரி. யூரியா போடும் விவசாயியோடும் லியோபோல்ட் மையம் வேலை செய்தது. ‘போடாதே’ என்று சொல்வதைவிட ‘பாதி போட்டாலும் விளையும், இதோ கணக்கு’ என்று காட்டுவதுதான் அதன் வழி.

அந்த மையம் எதற்காகத் தொடங்கப்பட்டது?

தண்ணீருக்காக. அயோவா, மக்காச்சோளமும் சோயாவும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிற்கும் மாநிலம். அதில் கணிசமான பகுதி ஒரு காலத்தில் சதுப்பு. வயலுக்கு அடியில் வடிகால் குழாய்களைப் புதைத்து நீரை வெளியேற்றித்தான் அதைக் கழனியாக்கினார்கள். வேர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறி, அதே குழாய்கள் வழியாக ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. கிணறுகளிலும் இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் அளவு, நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. தாண்டினால் முதல் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு.

1980களில் கிணற்று நீரில் உரமும் களைக்கொல்லியும் இருப்பது தெரியவந்தபோது பால் ஜான்சன், டேவிட் ஆஸ்டர்பெர்க், ரால்ஃப் ரோசன்பெர்க் என்ற மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னின்று 1987ல் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மையம் அந்தச் சட்டத்தின் பிள்ளை. அயோவாவின் பர்லிங்டன் ஊரில் 1887ல் பிறந்த வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவருடைய நூற்றாண்டும் அதே வருடம்.

இதில் கெட்டிக்காரத்தனமான விஷயம் பணம் வந்த வழி. தழைச்சத்து உரத்துக்கு டன்னுக்கு 75 சென்ட் கட்டணம், பூச்சிமருந்துப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு. அதாவது உரம் விற்கும் பணத்திலிருந்தே உரத்தைக் குறைக்கும் ஆராய்ச்சிக்குச் செலவு. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கையேந்த வேண்டியதில்லை என்று அப்போது எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அப்படி என்ன சாதித்தது?

முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது. அவற்றில் இரண்டைச் சொன்னால் போதும்.

ஒன்று, பூன் மாவட்டத்தில் உள்ள பல்கலைக்கழகத்தின் மார்ஸ்டன் பண்ணை. மக்காச்சோளம், சோயா என்று இரண்டையே மாற்றி மாற்றிப் போடும் வழக்கமான முறை ஒரு பக்கம். மூன்றாம் ஆண்டு ஓட்ஸும் குளோவர் என்ற தீவனப்பயிரும் சேர்த்த சுழற்சி இன்னொரு பக்கம். நான்காம் ஆண்டு குதிரைமசாலும் சேர்த்த சுழற்சி மற்றொரு பக்கம். நீண்ட சுழற்சிகளில் மாட்டு எருவும் போட்டார்கள். 2003 முதல் 2011 வரை கணக்கு வைத்து, 2012ல் முடிவை வெளியிட்டார்கள். நீண்ட சுழற்சியில் தழைச்சத்து உரமும் களைக்கொல்லியும் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. விளைச்சல் குறையவில்லை. லாபமும் ஏறத்தாழ அதே அளவு. கூடியது ஆள் வேலை மட்டும். அது சின்ன விஷயமில்லைதான். ஆயிரம் ஏக்கரை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் ஊரில் கூடுதல் ஆளுக்கு எங்கே போவது? ஆனாலும், மருந்தை நிறுத்தினால் விளைச்சல் செத்துவிடும் என்ற வாதத்துக்கு அந்த வயலே பதில்.

இரண்டாவது புல்வெளிப் பட்டைகள். அயோவா உழவுக்கு வருமுன் உயரமான காட்டுப்புல் நிறைந்த மண். நீல் ஸ்மித் வனவிலங்குப் புகலிடத்தில் 2007ல் தொடங்கிய சோதனையில், பயிர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சரிவுக்குக் குறுக்கே பட்டைகளாக அந்தப் பழைய புல்லுக்கும் பூச்செடிகளுக்கும் விட்டார்கள். மழை அடித்துக்கொண்டு போகும் மண் 20ல் ஒரு பங்காகக் குறைந்தது. ஓடும் நீரில் போகும் மணிச்சத்து கால்வாசியானது. தேனீக்களும் பறவைகளும் பெருகின. நம் பக்கம் வரப்பிலும் கரையிலும் வெட்டிவேர் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே யோசனை. 2018ன் அமெரிக்க வேளாண் சட்டம் இந்தப் பட்டைகளுக்கு விவசாயிகள் அரசு உதவி பெறலாம் என்று சேர்த்துக்கொண்டது. ஆய்வில் முன்நின்ற லிசா ஷுல்டி மூர் 2021ல் மெக்கார்தர் விருது பெற்றார்.

பட்டைகளின் பத்தாண்டு முடிவு வெளியானது 2017 அக்டோபரில். அதற்கு மூன்று மாதம் முன்பே மையத்தின் கஜானா காலி.

2017ல் சரியாக என்ன நடந்தது?

2016 நவம்பர் தேர்தலில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தன. கவர்னர் ஏற்கெனவே அந்தக் கட்சிக்காரர். மாநில வருவாயில் துண்டு விழுந்திருந்தது. 2017 ஏப்ரலில், கூட்டத்தொடர் முடியப்போகும் நேரத்தில், மையத்தையே மூடும் ஏற்பாடு நிதி மசோதாவுக்குள் வந்தது. உரக் கட்டணப் பணம் அதே பல்கலைக்கழகத்தில் உள்ள வேறொரு ஆராய்ச்சி மையத்துக்குத் திருப்பப்பட்டது. 2013ல் தொடங்கிய அந்த மையத்தின் வேலை, வயலிலிருந்து சத்துகள் ஆற்றுக்குப் போவதைக் குறைப்பது.

ஆளுங்கட்சி சொன்ன காரணம்: மையம் தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டது, இனிப் பல்கலைக்கழகத்தின் மற்றத் துறைகளே இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நோக்கம் தூய்மையான தண்ணீர் என்றால் அது நிறைவேறியதா என்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும். அதே கோடையில் மெக்சிகோ வளைகுடாவில், ஆறு கொண்டுவரும் உரச்சத்தால் உயிர்வளி (ஆக்சிஜன்) இல்லாமல் போன ‘செத்த கடல்’ ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டருக்குப் பரவியது. அளக்கத் தொடங்கிய 1985லிருந்து அதுவே மிகப் பெரியது. மிசிசிப்பி வழியாக அதற்குச் சத்து அனுப்பும் மாநிலங்களில் அயோவா முன்வரிசையில் நிற்கிறது.

கவர்னரே காப்பாற்றிவிட்டார் என்று படித்தேனே?

பாதி உண்மை. முதலில் ஒரு விளக்கம். அங்கே கவர்னர் என்றால் ராஜ்பவன் கவர்னர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் மாதிரி. நிதி மசோதாவில் ஒரு பகுதியை மட்டும் அடித்துவிடும் அதிகாரமும் அயோவா கவர்னருக்கு உண்டு. டெரி பிரான்ஸ்டட் 2017 மே மாதம் அதைச் செய்தார். மையத்தை மூடும் பகுதியை அடித்தார். ஆனால் அடிக்கத்தான் முடியும், இல்லாத பணத்தை எழுதிச் சேர்க்க முடியாது. ஜூலை 1 முதல் மையம் சட்டப்படி உயிரோடு இருந்தது, அரசுப் பணம் இல்லாமல்.

1987ல் மையத்தை உருவாக்கிய சட்டம் வந்தபோதும் கவர்னர் இதே பிரான்ஸ்டட்தான். தொட்டில் கட்டியவரே இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட மனமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் வந்துகொண்டிருந்த இடத்தில் மிஞ்சியது பழைய நன்கொடைகளின் வட்டி. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

‘பெயரைக் காப்பாற்றிவிட்டோம்’ என்று எங்கே யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான்: பணம் எந்தத் தலைப்பில் வருகிறது?

இது உரக் கம்பெனிகளின் வேலையா?

அப்படிச் சொல்லிவிட்டால் எளிது, ஆனால் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்துச் சூழலைப் பாருங்கள். தலைநகர் டி மொய்ன் நகரின் குடிநீர் வாரியம் ஆற்று நீரிலிருந்து நைட்ரேட்டை நீக்கப் பெரும் பணம் செலவழித்துவந்தது. அந்தச் செலவுக்குப் பொறுப்பு ஆற்றின் மேல்பக்கத்து ‘வடிகால் மாவட்டங்கள்’, அதாவது வயல் வடிகாலை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்புகள், என்று 2015ல் வழக்குப் போட்டது. பக்கத்து வயல்காரருக்கும் பட்டணத்துக்காரருக்கும் இரண்டு ஆண்டுகள் ஊரெல்லாம் சண்டை. 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. அடுத்த மாதம் மையத்தின் மீது கை வைத்தார்கள். வழக்குக்கும் மையத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ‘உரம்’, ‘தண்ணீர்’ என்று யார் வாயைத் திறந்தாலும் எதிர்முகாம் என்று பார்க்கும் மனநிலை இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மையத்துக்கு இரண்டு பக்கமும் நண்பர்கள் இருக்க வேண்டும்.

அங்கே யாரும் போராடவில்லையா?

போராடினார்கள். விவசாயிகள், முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் பேசினார்கள், கவர்னருக்கு எழுதினார்கள். மூடும் பகுதி அடிக்கப்பட்டதே அந்த எழுத்தால்தான் என்பது என் கணிப்பு. குறை நேரத்தில்தான். ஏப்ரலில் தெரியவந்த விஷயம் அதே மாதம் அவையில் முடிந்துவிட்டது. பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் வரும் பிரிவை அந்த வாரத்தில் யாராலும் தடுக்க முடியாது. முந்தைய வருடமே உறுப்பினர்களைப் பண்ணைக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும்.

வான்கூவரில் எப்படி ஜெயித்தார்கள்?

அது பட்ஜெட் சண்டை இல்லை, வரைபடச் சண்டை. பல்கலைக்கழக வளாகத்தின் தெற்கே 24 ஹெக்டேர், கிட்டத்தட்ட 60 ஏக்கர், காடும் வயலுமாக இருக்கிறது. 1997 திட்ட வரைபடத்தில் அந்த இடத்துக்கு ‘எதிர்கால வீட்டுமனை இருப்பு’ என்று பெயர். உலகத்திலேயே விலை உயர்ந்த மனைகள் உள்ள ஊர்களில் வான்கூவரும் ஒன்று. அந்த நிலத்தை நிர்வாகம் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2000ஐ ஒட்டி மாணவர்கள் சிலர் அங்கே காய்கறி போட்டு, வகுப்பு நடத்தி, வாரச்சந்தை வைத்து, அக்கம்பக்கத்து ஜனங்களை உள்ளே கூப்பிட்டார்கள். எட்டு ஆண்டுகளில் அது ஊர்ச் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம்தான் கோரிக்கை. மாணவர் சங்கம் 16,000 பேரிடம் கையெழுத்து வாங்கியது. 2008 நவம்பரில் ஆட்சிமன்றக் குழு ஒரு முடிவெடுத்தது: வளாகத்தின் மற்ற இடங்களில் கட்டடங்களை நெருக்கிக் கட்டி அதே வீட்டுத் தேவையையும் நிதித் தேவையையும் ஈடுசெய்ய முடியுமானால், பண்ணையில் விற்பனை வீடுகள் கட்டப்போவதில்லை. இந்த ‘முடியுமானால்’ மேல் மாணவர்களுக்கு நம்பிக்கை இல்லை. 2009 ஏப்ரல் 7 அன்று சுமார் 2,000 பேர் வளாகத்திலிருந்து பண்ணை வரை ஊர்வலம் போனார்கள். 2011ல் நிலத்தின் பெயரே மாறியது. வரைபடத்தில் இப்போது அது ‘பசுமைக் கல்வி நிலம்’.

இதில் கற்க வேண்டியது ஊர்வலத்தை அல்ல என்பேன். நிர்வாகத்துக்கு மாற்று வழி ஒன்று இருந்தது. வீடு கட்டி விற்பதிலிருந்து வரவேண்டிய பணம் வேறு மூலையிலிருந்து வந்துவிடும் என்றான பிறகு, ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் குறைந்துபோனது.

ஊர்வலத்தால் பயனே இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஊர்வலத்துக்கு ஒரு தனி எடை உண்டு. முதல் உலகப் போரால் வளாகக் கட்டுமானம் நின்றுபோய், மாணவர்கள் பல ஆண்டுகள் தகரக் கொட்டகை மாதிரியான இடங்களில் படித்தார்கள். 1922ல் 56,000 கையெழுத்துகள் வாங்கி, அக்டோபர் 28 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக் கட்டடத்தோடு நின்ற பாயின்ட் கிரே வளாகம் வரை ஊர்வலம் போனார்கள். அரசு பணிந்தது, 1925ல் வளாகம் திறந்தது. அந்த ‘பெரு நடை’ பற்றித் தெரியாத நிர்வாகி அங்கே இருக்க முடியாது. 2009ல் மாணவர்கள் தங்கள் ஊர்வலத்துக்குப் ‘பெரும் பண்ணை நடை’ என்று பெயர் வைத்தபோது மேலிடத்துக்குச் சொல்ல வந்தது புரிந்துவிட்டது. உங்கள் கல்லூரிக்கும் இப்படி ஒரு கதை எங்காவது இருக்கும். நூலகத்தில் தேடுங்கள்.

எங்கள் கல்லூரியில் ‘மூடவில்லை, வேறு துறையோடு இணைக்கிறோம்’ என்கிறார்கள். நம்பலாமா?

இணைப்பு எல்லாமே மூடுவிழா இல்லை. மூன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள். பண்ணை மேலாளர் பணியிடம் நிரந்தரமாக இருக்குமா? நிலம் யார் பொறுப்பில், வரைபடத்தில் என்ன பெயரில்? இந்தத் திட்டத்துக்கென்று வரும் பணம் தனிக் கணக்கிலேயே இருக்குமா? ஒன்றுக்காவது ‘பிறகு பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் கவலைப்பட ஆரம்பியுங்கள். மூன்றில் நான் அதிகம் பயப்படுவது மேலாளர் விஷயத்துக்கு. நிலம் அப்படியே இருக்கும், பெயர்ப்பலகையும் இருக்கும். விதைப்பு நாளைத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், அந்த இடம் இரண்டு வருடம் காலியாகக் கிடக்கும், மூன்றாம் வருடம் ‘பயன்பாடே இல்லையே’ என்பார்கள்.

சேரும் மாணவர்கள் குறைவு என்பதுதான் காரணம் என்கிறார்களே?

பட்டம் வாங்குபவர்களை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். அந்த வயலில் மண் அறிவியல் படிக்கும் பிள்ளைகள், பூச்சியியல் பிள்ளைகள், சமையலறைக்குக் கீரை வாங்கும் விடுதி, பயிற்சிக்கு வரும் விவசாயிகள் எல்லோரையும் எண்ணுங்கள். ஒரு வருடம் முழுக்க நுழைவாயிலில் ஒரு நோட்டு வைத்துக் கையெழுத்து வாங்கினாலே போதும். இந்த எண்ணிக்கை நிர்வாகத்தின் கோப்பில் இருக்காது. நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

விளைவதை விற்றே நடத்திக்கொள்ள முடியாதா?

சாகுபடிச் செலவை ஓரளவு எடுக்கலாம். கற்பிக்கும் செலவை எடுக்க முடியாது. பத்து மாணவர் நாற்று நடும்போது நாலு வரிசை கோணும். அந்தக் கோணலுக்குத்தான் கல்லூரிப் பண்ணை. ரசாயன ஆய்வகத்தைப் பார்த்து ‘நீ சொந்தமாகச் சம்பாதி’ என்று எந்த நிர்வாகமும் சொல்வதில்லை. பண்ணையிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பதை நீங்களும் கேட்கலாம்.

கல்லூரியே மூடிவிட்டால்?

வெர்மான்ட் மாநிலத்தின் கிரீன் மவுன்டன் கல்லூரிக்கு அதுதான் நடந்தது. சுற்றுச்சூழல் கல்விக்கும் மாணவர் பண்ணைக்கும் பெயர்போன இடம், 1834ல் தொடங்கியது, 2019 மே மாதத்தோடு மூடிவிட்டது. மாணவர்கள் படிப்பை முடிக்க அரிசோனாவின் பிரெஸ்காட் கல்லூரி இடம் கொடுத்தது. படிப்பை மாற்றலாம், ஆண்டுக்கணக்கில் எரு போட்டுத் தேற்றிய மண்ணை மாற்ற முடியாது. வளாகம் அடுத்த ஆண்டு ஏலத்துக்குப் போனது. இந்த நிலையில் மாணவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: மாற்றுக் கல்லூரியோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம், பண்ணையின் விதைச் சேமிப்பும் பதிவேடுகளும் யாரிடம் போகின்றன என்ற விவரம். இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

லியோபோல்ட் மையத்தோடு அயோவாவில் படிப்பும் போய்விட்டதா?

இல்லை. நீடித்த வேளாண்மைக்கான முதுகலை, முனைவர் படிப்பை அந்தப் பல்கலைக்கழகம் 2001ல் தொடங்கியது, நாட்டிலேயே முதல்முறையாக. அதன் பாடத்திட்டமும் ஆசிரியர்களும் பல துறைகளில் பரவியிருந்ததால் ஒரே வெட்டில் அதை வீழ்த்த முடியவில்லை. மையத்தின் ஆய்வுப் பணத்தை நம்பியிருந்த மாணவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். டன்னுக்கு 75 சென்ட் சட்டத்திலேயே இருக்கிறது. அது போகும் முகவரியைத்தான் சட்டமன்றம் மாற்றியது. மறுபடி மாற்ற வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டும், ஏப்ரலுக்கு முன்பாக.